நான்கை அடித்தவர்கள்

சமையலறைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள்
ழோசெத் அன்சியோ.
துண்டில் சேவல் படம்; கொண்டையில் எண்ணெய்க் கறை.
"ஐம்பது யூரோ தேறுமா?
கொதிகலனுக்குப் புதுக் குழாய் போடணும்."
மேசையில் வைத்ததும்
குழலைச் சுவர் பக்கம் திருப்பினேன்,
பழக்கம்.

மரேஷால் சகோதரர்கள், லியேஜ், 1909.
சந்தைக்குப் போனவை நூறிலிருந்து தொடங்கும்.
ஒன்று முதல் ஆறு வரை
பட்டறை வாசலைத் தாண்டாத முன்மாதிரிகள்.
அவற்றுக்குப் பாதுகாப்புத் தாழ் இடப்பக்கம்.
இதிலும் இடப்பக்கம்.
முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

லக்கம்: 4.

போன வருஷம் மட்டும்
மூன்று நான்குகள் என்னிடம் வந்தன.
ஒன்று, 104-இன் முன்னிரண்டை அரம் தின்றது.
ஒன்று லேசரில் பொறித்தது, அவ்வளவு சுத்தம்.
கையால் அடித்த எண்ணுக்கு உதடு இருக்கும்,
இரும்பு கொஞ்சம் பிதுங்கி நிற்கும்.
மூன்றாவதைக் கொண்டுவந்தவர்
வக்கீலோடு வந்தார்.

விளக்கைச் சாய்த்தேன்.
இதற்கு உதடு இருந்தது.
காலடியில் ஒரு பொக்கை,
அச்சில் சில்லு தெறித்த இடம்.
அதே பொக்கை 114-இல் உண்டு, 140-இல் உண்டு,
141-இல் இல்லை:
அதற்குள் புது அச்சு வாங்கிவிட்டார்கள் போல.

பிறகு பேரேட்டின் நகல்.
"4. மேல்தகட்டில் விரிசல். உலையில் போடு."
அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு.

மேல்தகட்டைத் துடைத்தேன்.
தலைமுடி என்று நினைத்து
ழோசெத் நகத்தால் எடுக்கப் பார்த்தாள்.
வரவில்லை.
வேறெந்தத் துப்பாக்கியிலும்
இந்த முடி பாதி விலையைத் தின்றிருக்கும்.
இங்கே அதுதான் சாட்சி.

சோதனைச்சாலையின் தூண் முத்திரையும் இல்லை.
உலைக்குப் போவதை
யார் சோதனைக்கு அனுப்புவார்கள்?

ஆக,
ஒருவன் நான்கை அடித்தான், சுத்தியலால்.
ஒருவர் அடித்தார், சிவப்பு மையால்.
ஒருவன் அடித்துக்கொண்டு போனான்,
அநேகமாக ரொட்டி டப்பாவில்.

"உங்கள் வீட்டில் யாராவது
மரேஷாலில் வேலை பார்த்தார்களா?"
"என் கணவரின் தாத்தா. அர்சேன்.
உலைக்குக் கரி தள்ளினவர்.
ரொம்ப நேர்மையானவர்."
சொல்லி முடித்தபின்
பேரேட்டின் அந்த வரியை
இன்னொரு தரம் படித்தாள்.

படிவத்தில் ஒரு கட்டம் மிச்சம்:
வந்த வழி.
பேனாவை மூடாமல் காத்திருந்தேன்.
மியூஸ் ஆற்றில் ஒரு சரக்குப்படகு
ஊதிக்கொண்டே போய்ச் சேர்ந்தது.

"எழுதினால் விலை குறையுமா?"
"கூடும்."
"எவ்வளவு?"
சொன்னேன்.

சேவலை முனையோடு முனை சேர்த்து
நான்காக மடித்தாள்.
"எழுதுங்கள்.
பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதுங்கள்.
சம்பளப் புத்தகத்தில்
முப்பது வருஷமும்
தப்பாகத்தான் எழுதினார்கள்."