ஒன்றிலிருந்து ஒன்பது வரை

எடையளவு ஆய்வாளன் நான்.
மதுரை வடக்கில் படிக்கற்களுக்கும் தராசுகளுக்கும்
பெட்ரோல் பங்கின் ஐந்து லிட்டர் குவளைக்கும்
முத்திரை வைப்பவன்.
அலகு இல்லாத எண்ணை
இருபத்திரண்டு வருடத்தில் நம்பியதில்லை.

புது ரேசரின் கழுத்தைச் சுற்றி
ஒன்றிலிருந்து ஒன்பது வரை பொறித்திருக்கிறது.
எதில் ஒன்பது?
மில்லிமீட்டரா, கிராமா, கோபமா?
பெட்டிக்குள் மடித்திருந்த தாள்
எட்டு மொழிகளில் அதைச் சொல்லாமல் விட்டிருந்தது.

ஞாயிறு காலை, ஆனையூர்.
போர் தண்ணீரில் நுரை பிடிக்காது.
சோப்பு திரிந்து பிரஷ்ஷில் தொங்கும்.
கேன் தண்ணீரைச் சாய்த்தேன்.
"ஒரு டம்ளரா, ரெண்டா?"
அடுப்படியிலிருந்து மீனலோசனி.
சத்தத்தை வைத்தே அளப்பவள்.
அவளுக்கு யாரும் முத்திரை வைத்ததில்லை.

அடிக்குமிழைத் திருகினேன்.
தலை இரண்டு கதவாகத் திறந்தது.
மெழுகுத்தாள் பிரித்து
பிளேடைப் படுக்கவைத்து மூடினேன்.
கனம் நூற்றுப் பதினெட்டு கிராம்.
(ஆமாம், நிறுத்துப் பார்த்தேன்.
பெட்டியில் நூற்றிருபது.
வழக்குப் போடுமளவுக்கு இல்லை.)

ஒன்றில் வைத்தேன்.
நுரை போனது, மயிர் அப்படியே இருந்தது.
மூன்றில் முதல் சத்தம்:
பொரிக்காத அப்பளத்தின் மேல்
நகம் ஓடுகிற சத்தம்.
நாலில் இடது கன்னம் ஒப்புக்கொண்டது.
அதே நாலு வலது கன்னத்தில்
நலம் விசாரித்துவிட்டுப் போனது.
வலதுக்கு ஐந்தரை வேண்டும்.
அரை என்று அதில் கோடு இல்லை.
இரண்டு எண்ணுக்கு நடுவே விரலால் பிடித்துக்கொண்டேன்,
கடைக்காரன் செய்தால் அபராதம் எழுதுவேன்.
மூக்கின் கீழே இரண்டு.
குரல்வளைக்குப் பக்கத்தில் ஒரு சுழி,
நாற்பத்தாறு வருடம் கூடவே இருந்தது
இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
ஒரு முகத்துக்குள் எத்தனை தாலுகா.

தாடைக்கு வந்தபோது தைரியம் வந்துவிட்டது.
ஏழு.
வலி இல்லை. நுரையில் முதலில் சிவப்பு,
அப்புறம்தான் செய்தி வந்தது.
படிகாரம் வைத்தேன். காது வரைக்கும் எரிந்தது.
கழுவித் துடைத்து
நாலில் நிறுத்தி
அலமாரியில் வைத்தேன்.

திங்கள் காலை அது ஒன்பதில் இருந்தது.

முத்திரை உடைந்த தராசின் முன் நிற்பவனாக
நின்றேன்.
உசிலம்பட்டியிலிருந்து இரவு வந்த மைத்துனன் ஒச்சப்பன்,
காதுகுத்துக்குப் போகிறவன்,
கழுவின கத்தரிக்காய் போல ஒரு முகத்துடன்
இட்லி தின்றுகொண்டிருந்தான்.
"எத்தனையில வச்ச?"
"எத்தனையிலயா? திருகுனேன் மாமா, நின்னுச்சு."
"காயம்?"
"எதுக்கு?"

சட்னி கேட்டான்.

நான் ஒன்பதை மாற்றவில்லை.
கதவைத் தாழிட்டு
நேற்றைய இடத்திலேயே
ஒரே ஒரு இழுப்பு.
நாளிதழ் ஓரத்தைக் கிழித்து ஒட்டிக்கொண்டு
வேலைக்குக் கிளம்பினேன்.

மாட்டுத்தாவணி பூச்சந்தை.
பேச்சிக்கனியின் தராசு
ஒன்றும் வைக்காமலே எட்டு கிராம் காட்டியது.
"தட்டுல ஈரம் சார், பூவுக்குத் தெளிச்ச தண்ணி."
முந்தானையால் துடைத்தாள். ஆறு.
மறுபடி துடைத்தாள். மூன்று.
அனுமதிக்கத்தக்க பிழை என்று
என் பையில் ஓர் அட்டவணை இருக்கிறது.
எடுக்கக் குனிந்தேன்.

"சார், தாடையில பேப்பரு."
கையைக் கொண்டுபோனேன்.
"பிச்சுராதீங்க, திரும்ப வரும்.
காயட்டும், தானா விழும்."

சரி என்று நின்றேன்.
அதற்குள்
தட்டும் காய்ந்திருந்தது.