கட்டைவிரல்

பெரியகுளத்து மண்டபத்தில் ஒருமுறை
தாலி ஏறும் நொடியில் பேட்டரி செத்தது.
"இன்னொரு தடவை கட்டுங்க மாப்ளே" என்றேன்.
கட்டினார். கெட்டிமேளமும் இன்னொரு தடவை.
பத்தொன்பது வருஷம் அப்படிப் பிழைத்தவன்
வட்டக்கானலுக்குக் கீழே
இடுப்பில் இரண்டு கயிறு, காலடியில் காற்று,
ஒரு பெண்ணின் விரல்களைப்
பெரிதாக்கிக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்குக் கயிறு இல்லை.

அந்தப் பாறைக்குப் பேரும் இல்லை.
பியூலா மட்டும் எதிர்வீடு என்பாள்.
அவள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால்
பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அதுதான்,
மழையில் கறுத்து, வெயிலில் வெளுத்து.
"எதிர்வீடு வரைக்கும் போயிட்டு வரேம்மா."
கேரட் கழுவிக்கொண்டிருக்கும் அம்மா
"இருட்டுறதுக்குள்ள வா" என்பார்.
எந்த வழியாக என்று கேட்டதில்லை.

கேள்விகள் எழுதிய தாள் ஒன்று
சென்னையிலிருந்து வந்திருந்தது.
மரணத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?
"சிலிண்டர் எப்ப வரும்னு நினைக்கிறேன்" என்றாள்.
அதை வெட்டிவிட்டார்கள்.
தாளில் இல்லாததை நான் கேட்டேன்,
கை தவறினால் நான் என்ன செய்ய?
ஷூவின் அடியைத் துப்பித் துடைத்தபடி
"ஃபோகஸ் விட்டுடாதீங்கண்ணே."
சிரிப்பேன் என்று நினைத்திருப்பாள்.
அன்றிரவு குளிருக்கா அதற்கா என்று தெரியாமல்
இரண்டு கம்பளிக்குள் கிடந்தேன்.

காலை ஏழு பத்து. தொடங்கினாள்.
லென்ஸுக்குள் எல்லாமே பக்கத்தில்:
சாக்பொடி அப்பிய நகக்கண்,
வெடிப்பில் முளைத்த ஒரு பெரணி,
அதை மிதிக்காமல் அவள் கால் மாற்றியது.
லென்ஸுக்கு வெளியே ஒருதரம் பார்த்தேன்.
அவளுக்குக் கீழே
பெரியகுளத்து மாந்தோப்பு வரைக்கும்
ஒன்றுமே இல்லை.
திரும்ப லென்ஸுக்குள் ஓடிவிட்டேன்.
பயந்தவன் ஒளிந்துகொள்ள நல்ல இடம் அது.

மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருப்பாள்.
தூரத்தில் வைகை அணை சில்லறைக் காசாய் மின்னியது,
பிறகு மின்னவில்லை.
வெள்ளகவிப் பக்கமிருந்து மேகம்
சொல்லாமல் கொள்ளாமல் ஏறி வந்தது.
திரை முழுக்க வெள்ளை.
அவள் காலரில் மைக் இருந்தது.
என் காதில் அவள் மூச்சு மட்டும்,
இழுத்து, நிறுத்தி, எண்ணி.
பிறகு குரல், பந்தியில் பக்கத்து இலையிலிருந்து
பேசுவதுபோல:
"அண்ணே, ஆஃப் பண்ணிடுங்க.
அது பாத்துட்டே இருந்தா
எனக்கு இறங்கத் தெரியல."

அந்த வெள்ளைக்குள் அவளுக்குத் தெரிந்திருக்கக்கூடியது
கேமராவின் சிவப்புப் பொட்டு ஒன்றுதான்.
அதன் மேல் கட்டைவிரலை வைத்தேன்.
"ஆஃப்" என்றேன்.

அணைக்கவில்லை.

நாற்பது நிமிஷம் இறங்கினாள்.
இறங்கும்போது
கால் போகும் இடத்தைக் கண் பார்க்காது.
ஒரு முழங்கை, ஒரு குதிகால், மறுபடி வெள்ளை.
அந்தப் பெரணியை இந்தத் தடவை மிதித்தாள்.
"ஸாரிடா" என்றது மைக்.

டீக்கடையில் மூன்று பஜ்ஜி தின்றாள்.
அவள் கை கிளாஸை ஆட்டி
மேசையெல்லாம் டீ.
இருவருமே அதைப் பார்க்கவில்லை.

சென்னைக்காரர்களுக்கு உச்சி வேண்டுமாம்.
கை விரித்து அவள் நிற்க
ட்ரோன் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டுமாம்.
வானம் தெளியட்டும்,
இன்னொரு தடவை ஏறச் சொல்லுங்க என்கிறார்கள்,
கிட்டத்தட்ட என் குரலில்.

நாற்பது நிமிஷமும் என் பீரோவில் இருக்கிறது,
முகூர்த்தங்களுக்கு நடுவே, பேர் எழுதாத கார்டில்.
அவளிடம் சொல்லவில்லை.
பொட்டு விளக்கை விரலால் மூடினால் அணைவதில்லை,
சதைக்குள் சிவந்து நகத்தைச் சுற்றிக் கசிகிறது.
நேற்று ராத்திரி, ஹெட்போன் மாட்டி,
முதல்தடவையாகப் போட்டுக் கேட்டேன்.
என் "ஆஃப்"புக்குப் பிறகு
சின்னதாய் ஒரு சிரிப்பு.
அன்றைக்கு அதை
மூச்சென்று நினைத்திருந்தேன்.