சுக்கான் பிடிப்பவன்

மாதக் கடைசிக்குள் பன்னிரண்டு மாலுமிகள்.
ரேட்டோவுக்கும் எனக்கும் பந்தயம்:
தோற்றவன் ஒரு டப்பி பித்தளை நிறம் வாங்கித்தர வேண்டும்.

ஓல்டனில் நவம்பர்.
பனிமூட்டம் ரயில் நிலையத்தை விழுங்கிவிட்டது.
அறிவிப்புக் குரல் மட்டும் மிதந்து வருகிறது,
சூரிக் வண்டி நான்கு நிமிடம் தாமதமாம்.

கட்டைவிரல் உயரம்கூட இல்லை ஒருவனும்.
சமையல்காரனுக்குக் கள்ளச் சிரிப்பு வைத்தாயிற்று.
கொடிக்காரன் சட்டைக்கு வெள்ளை போதவில்லை;
கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் மஞ்சள் சேர்த்ததும்
மூன்று வாரம் துவைக்காத வெள்ளை வந்தது.

கண்களைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
நாலே மயிர் தூரிகை. மூச்சை நிறுத்தி
ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி.
பன்னிரண்டாமவனிடம் கை நழுவியது.
எல்லோரும் அலையைப் பார்க்க
சுக்கான் பிடிப்பவன் மட்டும்
மேசை ஓரத்தை ஒன்றரைக் கண்ணால் பார்க்கிறான்.

திருத்த நேரம் இருந்தது.
ஆனால் இப்படியொரு பனியில்
நேரே பார்த்துத்தான் என்ன தெரியப்போகிறது?

ரேட்டோ போனில் கேட்டான், எத்தனை முடிந்தது?
பதினொன்றே முக்கால் என்றபடி
தேநீரை வாயருகே கொண்டுபோனேன்.

நல்ல ஆழ்கடல் நீலம்.

தூரிகையை எந்தக் கோப்பையில் அலசினேன் என்று
அவன் ஒருவன்தான்
பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.