இரண்டு நிமிடம், பத்து நொடி

திரையில் டிராக்டர் விற்கிறார்கள்.
மேசைக்கடியில் கம்பளிச் செருப்போடு
கைப்பேசியைத் திறக்கிறாள் சோல்வெய்க்.
நேரலையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

பச்சைக் கோட்டு எடுபடவில்லையாம்.
தோடு எந்தக் கடை?
நேற்று எங்கள் ஊர்ப்பேரைக் கடித்துத் துப்பினீர்கள்.
இதயங்கள் மிதந்து மிதந்து மேலேறுகின்றன.

நடுவே, எழுத்துப்பிழையோடு,
பண்ணை வீட்டிலிருந்து லவோன்:
ஆறு அடுப்படிக்கு வந்தாச்சு
பூனயக் காணோம்

பத்து நொடி, என்கிறது காதுக்குள் குரல்.
எதிரே ஓடும் எழுத்தில்
பனி மெல்லத்தான் உருகுகிறது;
ஃபார்கோவில் கரைகள் பத்திரம்.

சிவப்பு விளக்கு.

"லவோன், மாடிக்குப் போங்கள்.
பூனை ஏற்கெனவே அங்கேதான் இருக்கும்.
வீட்டு எண் என்ன?"

கைப்பேசியைப் பார்த்தே கேட்கிறாள்.
பெரிய கேமராவுக்கு
அவள் வகிடு மட்டும் தெரிகிறது,
கொஞ்சம் நரையோடு.