மாதிரித் துண்டுகள்

மூட்லி கடையில் இலவசமாய்த் தந்த இரண்டு துண்டுகள்
மூன்று வாரமாய் எங்கள் வீட்டு நடையில் கிடக்கின்றன.
ஒன்று கியாட் மரம். கையில் எடுத்தால் கனக்கிறது,
முகர்ந்தால் லேசாய் மிளகு.
மற்றது லாமினேட்: மரத்தின் புகைப்படம்.
அதில் ஒரு கணு இருக்கிறது.
பெட்டியைப் பிரித்தால் ஒன்பதாம் பலகையில்
அதே கணு, அதே இடத்தில்
மறுபடியும் பிறந்திருக்கும்.

பழைய கார்ப்பெட்டைக் கிழித்தெறிந்த நாள்முதல்
வெறும் சிமெண்டில் நடக்கிறோம், தனித்தனியே.
சக்ரன் ஜோகன்னஸ்பர்க் போய்வரும் லாரி ஓட்டுகிறான்.
எனக்கு ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட்.
வான் ரீனன் மலைப்பாதையில் மூடுபனி என்றால்
அவன் வருமுன் நான் போய்விடுவேன்.

ஆகவே தரையைப் பற்றித் துண்டுகள்தாம் பேசிக்கொண்டன.
கியாட்டைக் கதவருகே தள்ளிவைத்துவிட்டுப் போவேன்.
காலையில் வந்தால் லாமினேட் முன்னால் கிடக்கும்,
மேலே ஒரு காகிதம்:
சதுர மீட்டருக்கு எண்ணூறு ராண்ட் மிச்சம்.

பதில் எழுதவில்லை நான். ஊற்றினேன்.
டர்பனில் பிப்ரவரிக் காற்றே பாதி தண்ணீர்,
இருந்தும் ஒரு குவளை நிறைய
லாமினேட்டின் தலையில் ஊற்றிவிட்டு வேலைக்குப் போனேன்.
விடிந்தபோது அதன் ஓரம்
பல் பிடுங்கிய ஈறாய் உப்பியிருந்தது.
கியாட்டின்மேல் ஊற்றவில்லை.
வழக்கு என்றால் அப்படித்தான்.

மறுநாள் கியாட்டில் மஞ்சள் கறை.
மீன்குழம்பு; வேண்டுமென்றே சிந்தியிருக்கிறான்.
சோப்பு, எலுமிச்சை, பழைய டூத் பிரஷ்,
எதற்கும் மசியவில்லை.
லாமினேட்டிலும் அதே குழம்பைச் சிந்தி
ஒரே துடைப்பில் துடைத்துப்
பளபளவென்று பக்கத்தில் நிறுத்தியிருந்தான்,
உப்பிய ஓரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி.

காலை ஆறரை மணிக்கு
சீருடையோடு, ஒரு காலில் மட்டும் ஷூவோடு,
தனியாய் நின்று சிரித்தேன்.
நாங்கள் இவ்வளவு பேசி எத்தனை மாதமாயிற்று.

ஞாயிறன்று இருவருக்கும் விடுப்பு.
சிமெண்டில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம்.
அவன் விரல்முட்டியால் தட்டிக் காட்டினான்:
கியாட் "தொம்" என்றது,
லாமினேட் "டக்" என்றது.
மறுபடி தட்டினான். முகம் மாறியது.
"இதைப் போட்டால் நீ வரும்போதெல்லாம்
எனக்குத் தூக்கம் கலையும், கோகி."

கலையட்டும், என்றேன்.

லாமினேட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.
அவன் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
கறைபட்ட கியாட்டை மடியில் வைத்துக்கொண்டு
மரமே நல்லது என்று ஆரம்பித்தான்:
மூன்று முறை இழைத்துப் புதிதாக்கலாமாம்,
கடன் முடிய இருபது வருடம் இருக்கிறதாம்,
லாமினேட்டுக்கு உத்தரவாதம் பதினைந்துதானாம்.
எண்ணூறு ராண்ட் என்று நினைவூட்டினேன்.
காதில் விழாததுபோல் தேநீரை ஊதினான்.

திங்களன்று மூட்லி கூப்பிட்டார்,
எது என்று முடிவாயிற்றா என்று.
இல்லை என்றேன்.
கொஞ்சம் கலந்து பேசவேண்டும்.