டைனமோ

தொண்ணூற்றிரண்டு, பாசையூர்,
ஐஸ் கொம்பனியின் பின்னறை.
கரண்ட் போய் இரண்டு வருசம்.
லுமாலாவை ஸ்டாண்டில் ஏற்றி
நான் மிதிக்க,
டைனமோவில் றெக்கோடர் சுற்ற,
எமில்டா பாடினாள்.

மைக் பார்க்க
ஒண்டு, ரெண்டு, மூண்டு சொல்லமாட்டாள்.
ஓரா, ஒட்டி, விளைமீன், திருக்கை என்பாள்,
தாயின் ஏலக் குரலில்.

பாட்டும் அவளே எழுதியது,
மீன் நிறுத்த துண்டின் பின்பக்கம், பென்சிலால்:
‘உப்புக் கையால் உன்னைத் துடைத்தேன்.’
கலியாண வீடுகளில் இன்றைக்கும் போடுகிறார்கள்.
அடகு போன யமஹா எஞ்சினுக்கு
எழுதினது அது.

மூன்றாம் சரணத்தில் என் கால் விட்டது.
நாடா மெல்ல ஓடிற்று.
பேந்து நல்ல பற்றரியில் போட்டுக் கேட்டால்
அந்த ஒரு வரியில் மட்டும்
அவள் குரல் எங்கேயோ மேலே,
இறங்கத் தெரியாமல்
கூரையில் நிற்கும் பூனைக்குட்டி மாதிரி.
அழிச்சுப் பதிவம் என்றேன்.
ஜெனரேற்றர்க்காரன் கசெற்றைக் கேட்டு
வாசலில் நின்றான்.
போகட்டும் என்றாள்.

போனது.
கிளாலிக் கடலால் வன்னிக்கு,
பேந்து பனி பெய்யும் ஊர்களுக்கு.
உறையில் ‘பாடியவர்’ அவள்;
‘இயற்றியவர்’ அருளப்பு மாஸ்ரர்.
ஒன்பது வருசம் வாய் திறக்கவில்லை.
பத்தாம் வருசம் பரிஸ் மேடையில்
ஓரா, ஒட்டி எல்லாம் சொல்லி முடித்து,
“இது என்ர பாட்டு. எழுதினதும் நான்” என்றாளாம்.
ஒருவரும் கை தட்டவில்லையாம்.
பாடினாளாம்.

ஏழு கசெற், நாலு சீடி,
இரண்டு பொன்னாடை நிறைந்த அலுமாரி.
ரொறன்ரோப் பத்திரிகையில் ஒருவர் கேட்டிருந்தார்:
அந்த உச்சத்தை இவருக்கு
யார் கற்றுக்கொடுத்தது?

அது அவளிடம் இல்லாத சுருதி.
சனம் எதிர்பார்த்ததால்
பிறகுதான் ஏறப் பழகினாள்,
விடிய நாலு மணிக்கு, ஜெற்றியில்,
இருமி, துப்பி, திரும்பவும்.
என்னை ஒருநாளும் ஏசியதில்லை.
ஒரே ஒருக்கால் கேட்டாள்:
“சரணம் முடிய விட்டுக்
களைச்சிருக்கக் கூடாதே?”

நேற்று முற்றவெளி.
ஐம்பத்துநாலு வயது, தடித்த கண்ணாடி,
பக்கத்தில் சுடுதண்ணிப் போத்தல்.
அந்த வரி வர
கதிரைக்கடியில் என் கால்கள்
தாமாய் மிதித்தன,
வேகமாக, இன்னும் வேகமாக,
அவள் கீழேயே நிற்கட்டும் என்று.

பக்கத்துப் பெடியன் என் காலைப் பார்த்தான்.
அவள் அதற்குள் ஏறிவிட்டாள்.