ஈடு

பிப்ரவரி ஒன்பதாம் தேதி
பச்சை எழுத்தில் வந்தது ஒப்புதல்.
வாழ்த்துகள் புசெலெசோ என்றிருந்தது.
என் பெயர் புசெலெட்சோ.
ஓர் எழுத்துதானே என்று விட்டுவிட்டேன்.
திரையைப் படம்பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன்.
அவள் வேலைசெய்யும் கோழிப்பண்ணையில்
பதினேழு பேர் பார்த்தார்களாம்.
ஒருத்தி குலவையிட்டாளாம்.

மார்ச்சிலும் பச்சை அப்படியே இருந்தது.
நான்தான் கொஞ்சம் மாறியிருந்தேன்.
காலையில் வகுப்பு, மதியம் தூக்கம்.
தூங்கினால் பசி தெரியாதென்று
அறைத்தோழி டிசெபோ கண்டுபிடித்திருந்தாள்.
அவளுக்கும் பச்சைதான்.
ஒரு முட்டைக்கோஸை ஆறு நாள் உரித்தோம்.
ஏழாம் நாள் மிஞ்சிய தண்டுக்குத்
துணைவேந்தர் என்று பெயர்வைத்து
அவரையும் தின்றோம்.

கணக்கியல் வகுப்பில் மொலெட்சானே சொன்னார்:
வரவேண்டிய பணமும் சொத்துதான்,
எழுதிக்கொள்ளுங்கள்.
எழுதிக்கொண்டேன்.
அந்தக் கணக்கின்படி
க்வாக்வாவின் வசதியான பெண்களில் நானும் ஒருத்தி.
டாக்ஸிக்குக் காசில்லாமல்
மலைக்காற்றை முகத்தில் வாங்கியபடி
நான்கு கிலோமீட்டர் நடந்து வந்தேன்.

உதவி எண்ணில் இசை வரும்.
நீங்கள் நாற்பத்தோராவது ஆள் என்பார்கள்.
பிறகு முப்பத்தெட்டு.
பிறகு என் ஃபோனில் காசு தீரும்.
ஒரேயொரு முறை மனிதக் குரல் கிடைத்தது, இருமலோடு.
"உங்களுக்குத்தான் ஒப்புதல் ஆகிவிட்டதே" என்றது,
அடுப்பு இருக்கிறதே, பிறகென்ன பசி
என்பதுபோல.

ஏப்ரல் கடைசியில் வீட்டுக்காரி மாலெஃபா வந்தாள்.
மூன்று மாத வாடகை.
பச்சை எழுத்தைக் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
முழுவதும் படித்தாள்.
போய் ஒரு பிளாஸ்டிக் உறையோடு திரும்பினாள்.
அதற்குள் அவள் கணவரின் நுரையீரல் இருந்தது.
அதாவது,
தங்கச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் இழுத்த தூசிக்கு
இழப்பீடு தர ஒப்புக்கொண்ட கடிதம்.
பதினோரு வருடப் பழசு.
மடிப்புகளில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது.
அவர் போயே ஒன்பது வருடமாகிறது.

மாறி மாறிப் படித்தோம்.
அவள் கடிதத்தில் எழுத்துப்பிழை இல்லை.

இரக்கப்படுவாள் என்று நினைத்தேன்.
என் கெட்டிலை எடுத்துக்கொண்டாள்.
"ஈடாக இருக்கட்டும்."
என் பெயருக்கே எங்கள் மொழியில் ஈடு என்றுதான் பொருள்.
எனக்கு முன் பிறந்து தங்காமல் போனவனுக்குப் பதிலாக
வந்தவள் நான்.
அது மாலெஃபாவுக்கும் தெரியும்.
ஆனால் பெயரில் தண்ணீர் காயாது.

மே பதினான்கு, அதிகாலை மூன்று மணி.
டிசெபோ கத்தினாள்.
அவளுக்கு வந்துவிட்டது.
எனக்கில்லை. அந்த ஓர் எழுத்து.
வங்கியில் ஒருத்தி, பட்டியலில் வேறொருத்தி.
சந்தோஷத்தை என் எதிரில் எங்கே வைப்பதென்று தெரியாமல்
அந்த நேரத்தில் பாத்திரம் கழுவினாள் டிசெபோ.
விடிந்ததும் கோழிக்கால் வாங்கிவந்தாள்.
"கடன்தான், எழுதிக்கொள்" என்றாள்,
நான் அழுதுவிடக் கூடாதென்று.

எனக்கு வந்தபோது ஜூன் இரண்டு.
நான்கு மாதப் பணத்தில் இரண்டு மாதம்.
பகல் பன்னிரண்டுக்குள் தீர்ந்தது.
மாலெஃபா இரண்டு தடவை எண்ணினாள்,
மீதியை நாட்காட்டியின் பின்னால் குறித்தாள்,
கெட்டிலைக் கொண்டுவந்தாள்.
கனமாக இருந்தது.
மூடியைத் திறந்தேன்.
ஏப்ரலில் நான் பிடித்த தண்ணீர்
அப்படியே உள்ளே.

போகாமல் நின்றாள்.
"உன் ஃபோனில் இப்போது காசிருக்கிறதா?"
இருக்கிறது என்றேன்.
என் கட்டிலில் உட்கார்ந்து
உறையை மடியில் வைத்துக்கொண்டாள்.
அவள் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல
நான் அழுத்தினேன்.
வேறொரு அலுவலகம். அதே இசை.
நீங்கள் அறுபத்தேழாவது ஆள்.

பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு
கெட்டிலைப் போட்டேன்.